அனிமே பார்க்கத் தொடங்குகிறீர்களா? அமெரிக்கப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள்

2025 செப்டம்பர் 12 அன்று 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' அமெரிக்காவிலும் சென்னையிலும் ஒரே நாளில் திரைக்கு வந்தது. அங்கே முதல் வார இறுதியில் மட்டும் ஏறத்தாழ 7 கோடி டாலர் வசூல். அதுவரை அமெரிக்காவில் ஒரு அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், படத்தின் பெரிய தொடக்கம் என்றால் 1999-இல் வந்த முதல் போகிமான் படம்தான், அது 3.1 கோடி டாலர். கால் நூற்றாண்டுச் சாதனையை இரண்டு மடங்குக்கு மேல் தாண்டியிருக்கிறது. இங்கே அந்தப் படம் தமிழிலும் ஓடியது. அன்றிலிருந்து அலுவலகத்தில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், ரயிலில் பக்கத்துச் சீட்டில் என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "நானும் பார்க்கணும், எதுல ஆரம்பிக்கிறது?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் ஆரம்பிக்காதீர்கள். அது ஒரு நீண்ட கதையின் கடைசிக் கட்டம். 2019-இல் வந்த முதல் சீசன் 26 எபிசோடு, அப்புறம் 'முகென் டிரெயின்' படம், அதற்குப் பிறகும் மூன்று பகுதிகள் இருக்கின்றன. அதையெல்லாம் பார்க்காமல் போனால் சண்டை அழகாகத் தெரியும், யார் எதற்காக அழுகிறார்கள் என்று தெரியாது.

இரண்டாவது, 'சிறந்த 10 அனிமே' என்று தேடி வரும் பட்டியலைப் பிடித்துக்கொண்டும் ஆரம்பிக்காதீர்கள். நல்ல மனசோடு தொடங்கி இரண்டாவது எபிசோடிலேயே "இது நமக்கு ஒத்து வராது" என்று எழுந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அனிமே பிடிக்காமல் போகவில்லை, இன்னொருவரின் பட்டியல்தான் பிடிக்காமல் போனது.

அந்தப் பட்டியல் யாருடையது?

ஆங்கிலத்தில் கிடைக்கும் 'கட்டாயம் பார்க்க வேண்டியவை' பெரும்பாலும் அமெரிக்காவில் ஒரு தலைமுறை வளர்ந்த விதத்திலிருந்து வருகிறது. 1997 மார்ச்சில் அங்கே கார்ட்டூன் நெட்வொர்க் 'டூனாமி' என்று ஒரு நேரப் பகுதியைத் தொடங்கியது. பள்ளி விட்டு வந்து பையை எறிகிற நேரத்தில் டிராகன் பால் இசட், செய்லர் மூன் எல்லாம் ஓடின. 2001 செப்டம்பரில் பெரியவர்களுக்கான இரவு நேர நிகழ்ச்சியாக 'அடல்ட் ஸ்விம்' தொடங்கியபோது முதல் இரவிலேயே 'கௌபாய் பீபாப்' போட்டார்கள். ஜாஸ் இசை, விண்வெளியில் குற்றவாளிகளைத் துரத்திப் பிடித்துக் காசு பார்க்கும் நாயகன், பழைய கௌபாய் படங்களின் வாசனை. ஓர் அமெரிக்க இளைஞனுக்கு அது சொந்த வீடு மாதிரி இருந்திருக்கும். அற்புதமான தொடர், எனக்கும் ரொம்பப் பிடிக்கும், ஆனால் சன் டிவி படங்களோடும் இளையராஜா பாட்டோடும் வளர்ந்த ஒருவருக்கு முதல் வாசல் அதுவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதற்குச் சில வருடங்கள் கழித்து நம் வீடுகளில் ஓடியது வேறு. தமிழ் பேசும் ஷின்சான், தமிழ் பேசும் டோரேமான், கார்ட்டூன் நெட்வொர்க்கில் போகிமான், பேபிளேட். அதனால் இங்கே பலர் அனிமேவைக் குழந்தைப் பருவத்திலேயே பார்த்துவிட்டார்கள், அதற்கு அந்தப் பெயர் இருப்பது மட்டும் தெரியாது. "எனக்கு அனிமேன்னா என்னன்னே தெரியாது" என்று சொல்பவரிடம் ஷின்சான் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

மேற்கு நாடுகளில் இது பெரிய கூட்டத்தைச் சேர்த்தது எப்படி என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நமக்கு உதவும், ஏனென்றால் அங்கே எது வேலை செய்ததோ அதை அப்படியே நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் அங்கே குழந்தைகளுக்காக என்று வெட்டி ஒட்டித்தான் காட்டினார்கள். 2004-இல் 'ஒன் பீஸ்' அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போனபோது சாஞ்சி என்ற பாத்திரத்தின் வாயிலிருந்த சிகரெட்டை லாலிபாப்பாக மாற்றி வரைந்தார்கள். அப்படி மாற்றியவை சீக்கிரம் மறந்துபோயின, வெட்டாமல் வந்தவை நின்றன. 2003-இல் ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது, இது பெரியவர்களும் பார்க்கும் கலை என்று பலருக்குப் புரிய அது ஒரு காரணம். 2006-இல் ரசிகர்கள் தாங்களே பதிவேற்றும் தளமாகத் தொடங்கிய கிரஞ்சிரோல், 2009-இலிருந்து முறையாக உரிமம் வாங்கி ஜப்பானில் வந்த சிறிது நேரத்திலேயே எபிசோடைக் கொடுக்க ஆரம்பித்தது. 2021-இல் சோனி அதை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. இடையில் 2020 ஊரடங்கு, எல்லாரும் வீட்டில், நெட்ஃபிளிக்ஸ் திறந்தால் அனிமே.

2023-இல் அனிமே தொழிலுக்கு ஜப்பானுக்குள் கிடைத்த பணம் சுமார் 1.62 லட்சம் கோடி யென், வெளிநாடுகளிலிருந்து வந்தது சுமார் 1.72 லட்சம் கோடி யென். ஜப்பானிய அனிமேஷன் சங்கத்தின் கணக்கு இது. வெளியே இவ்வளவு காசு இருப்பதால்தான் தமிழ் டப்பிங் என்ற ஒன்று இன்று நமக்குக் கிடைக்கிறது.

ஆக, அங்கே வேலை செய்தவை மூன்று: சொந்த மொழியில் கிடைத்தது, வெட்டாமல் கிடைத்தது, கூட்டமாகச் சேர்ந்து பார்க்கும் பழக்கம் வந்தது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த மூன்றைத்தான்.

உங்கள் ரசனையிலிருந்து தேர்ந்தெடுங்கள்

நீங்கள் ஏற்கெனவே எந்த மாதிரிப் படங்களை இரண்டாம் முறை பார்ப்பீர்கள் என்று யோசியுங்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

போலீஸ், கொலைகாரன், அவன் ஒரு அடி வைத்தால் இவன் இரண்டு அடி வைக்கிற கதை பிடிக்குமென்றால் 'டெத் நோட்'. 37 எபிசோடு, முதல் எபிசோடு முடிவதற்குள் உங்களைப் பிடித்துக்கொள்ளும். அது பிடித்துப்போய் இன்னும் நிதானமான, இன்னும் ஆழமான ஒன்று வேண்டுமென்றால் அப்புறம் 'மான்ஸ்டர்'. அது 74 எபிசோடு, ஜெர்மனியில் நடக்கிறது, ஒரு டாக்டர் காப்பாற்றிய சிறுவன் பின்னாளில் என்னவாகிறான் என்பது கதை. அதை முதல் தொடராகப் பார்க்காதீர்கள், பொறுமை பழகிய பிறகு பாருங்கள்.

ஒன்றுமில்லாத நிலையிலிருந்து எழுந்து வந்து எல்லாரையும் புரட்டிப் போடும் மாஸ் ஹீரோ வேண்டுமா? 'சோலோ லெவலிங்'. மூலக்கதை கொரியாவில் எழுதப்பட்டது, அனிமே ஜப்பானில் எடுக்கப்பட்டது, தமிழ் டப்பிங்கும் உண்டு. விசில் அடிக்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன. கதையில் பெரிய ஆழம் எதிர்பார்க்காதீர்கள்.

சரித்திர நாவல்களைத் தூக்கம் கெட்டுப் படித்தவர்களுக்கு 'வின்லாந்து சாகா'. 11-ஆம் நூற்றாண்டு, வைக்கிங்குகள், கப்பல்கள், பழிவாங்கத் துடிக்கும் ஒரு பையன். முதல் சீசன் 24 எபிசோடு. ரத்தம் உண்டு. இரண்டாவது சீசனில் கதை வேறு பக்கம் திரும்பி, வாளைக் கீழே வைப்பது பற்றிப் பேச ஆரம்பிக்கும். அங்கே "சண்டையே இல்லையே" என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள்.

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான ஒன்று, 'ஹைக்யூ'. வாலிபால் கதை. குள்ளமான ஒரு பையன், உயரமானவர்களின் ஆட்டத்தில் இடம் பிடிக்கப் பார்க்கிறான், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் வாலிபாலுக்கு இருக்கும் இடம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் பள்ளி மைதானத்தில் வலை கட்டி ஆடுகிறவர்கள், பெசன்ட் நகர் மணலில் ஆடுகிறவர்கள், ஊர்த் திருவிழாவுக்கு ராத்திரி விளக்குப் போட்டு நடத்தும் போட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள், இவர்களில் யாருக்கு இதைக் காட்டினாலும் உட்கார்ந்துவிடுகிறார்கள். அனிமே என்றால் முகம் சுளிக்கிற, முன்பு வாலிபால் ஆடிய ஒரு பெரியப்பாவோ மாமாவோ வீட்டில் இருந்தால் அவருக்கு இதன் முதல் மூன்று எபிசோடைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். செட்டர் எப்படிப் பந்தைத் தூக்குகிறார், பிளாக் எப்படி உடைகிறது என்று அவரே உங்களுக்குப் பாடம் எடுப்பார். ஒரு மேட்ச் பல எபிசோடுகள் போகும், ஒவ்வொரு புள்ளிக்கும் மூச்சு நிற்கும், எதிரணியில் இருப்பவனும் கெட்டவன் இல்லை, தோற்றவர்களும் அழுதுகொண்டே பஸ் ஏறுவதைக் காட்டுவார்கள். முதல் சீசன் 25 எபிசோடு.

அமைதியான கதை வேண்டுமென்றால் 'ஃப்ரீரன்', முதல் சீசன் 28 எபிசோடு. அசுரனை வென்று முடித்த பிறகு என்ன ஆகிறது என்பதில் கதை தொடங்குகிறது. ஆயிரம் வருடம் வாழ்கிற ஒருத்திக்குத் தன் கூட இருந்தவர்களை எவ்வளவு தாமதமாகப் புரிகிறது என்பதுதான் விஷயம். வயதானவர்களுக்கும் பிடிக்கும். இரண்டு மணி நேரத்தில் முடிகிற காதல் படம் போதும் என்றால் 2016-இல் வந்த 'யுவர் நேம்'.

முதலில் தொடக் கூடாதவையும் உண்டு. 'ஒன் பீஸ்' 1999-இல் தொடங்கி 1,100 எபிசோடைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. பிரமாதமான உலகம், ஆனால் அதற்கு வருடக்கணக்கில் நேரம் கொடுக்க வேண்டும். 'நருடோ' இரண்டு தொடர்களும் சேர்த்து 720 எபிசோடு. அந்தக் காலத்தில் வாரா வாரம் நிற்காமல் ஓடியதால் மூலமான மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) கதையை அனிமே எட்டிப் பிடித்துவிடும், அப்போது மூலத்தில் இல்லாத எபிசோடுகளைச் செருகி இழுப்பார்கள். அவற்றை 'ஃபில்லர்' என்பார்கள். பழைய நீளமான தொடர் பார்ப்பதானால் அதன் ஃபில்லர் எபிசோடுகளின் எண்களைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு தைரியமாகத் தாண்டிப் போகலாம். இப்போது வரும் தொடர்கள் பெரும்பாலும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தொடங்கி 12 அல்லது 13 எபிசோடில் ஒரு சுற்றை முடிக்கும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இந்த அளவு வசதி.

எதை எடுத்தாலும் மூன்று எபிசோடு கொடுங்கள். ஒரு எபிசோடு 24 நிமிடம்தான், ஆரம்பப் பாட்டும் முடிவுப் பாட்டும் ஒன்றரை ஒன்றரை நிமிடம். அதற்குள் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தமிழிலா, ஜப்பானிய மொழியிலா?

இதற்கு அமெரிக்க ரசிகர்கள் பல வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். அவர்களின் சண்டையை நாம் இறக்குமதி செய்ய வேண்டாம். சப்டைட்டில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ அந்த வேகத்தில் ஆங்கிலம் படிக்க வராதென்றால், தமிழ் ஆடியோ இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவர்கள் பார்ப்பார்களா மாட்டார்களா என்பதைத் தீர்மானிக்கும். வீட்டில் எல்லாரோடும் பார்க்கிறீர்களா, தமிழ். தனியாக ராத்திரி ஹெட்போன் போட்டுப் பார்க்கிறீர்களா, ஜப்பானிய மொழி. சில தமிழ் டப்பிங் நன்றாக இருக்கிறது, சிலவற்றில் எழுதி வைத்து வாசிப்பது போல இருக்கிறது. ஒரு எபிசோடை இரண்டு மொழியிலும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கே பார்ப்பது என்றால், கிரஞ்சிரோல், நெட்ஃபிளிக்ஸ் இரண்டும்தான் முக்கியம். மியாசாகியின் ஜிப்லி ஸ்டுடியோ எடுத்த படங்கள் 2020-இலிருந்து இங்கே நெட்ஃபிளிக்ஸில் இருக்கின்றன. கிரஞ்சிரோலில் தமிழ், தெலுங்கு, இந்தி டப்பிங் உள்ள தொடர்கள் உண்டு. காசு கட்டுவதற்கு முன் நீங்கள் பார்க்க நினைக்கும் தொடரின் பக்கத்தைத் திறந்து ஆடியோ மொழிகளில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள், எல்லாத் தொடருக்கும் இருக்காது, சிலவற்றில் ஒரு சீசனுக்கு மட்டும் இருக்கும். மாதச் சந்தாவில் தொடங்குங்கள், வருடச் சந்தா பிறகு. மியூஸ் ஏசியா போன்ற உரிமம் பெற்ற நிறுவனங்கள் தங்கள் யூடியூப் சேனலில் இலவசமாகவும் சில தொடர்களைப் போடுகிறார்கள்.

இன்னொரு வசதி நமக்கு உண்டு. ஜப்பான் நேரம் நம் நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னே. அங்கே புதிய தொடர்கள் பல ராத்திரி 11 மணிக்கு மேல்தான் ஒளிபரப்பாகும், அதாவது நமக்கு ஏழரைக்கு மேல். அமெரிக்காவில் அது காலையில் பள்ளிக்கும் வேலைக்கும் போகிற நேரம். நமக்கு வேலை முடிந்து வீடு வந்து சேரும் நேரத்தை ஒட்டிப் புதிய எபிசோடு வருகிறது. தமிழ் டப்பிங் பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும், கதை முன்பே தெரிந்துவிடாமல் இருக்க அதுவரை ரீல்ஸ் பக்கம் போகாமல் இருந்தால் நல்லது.

டெலிகிராமில் கிடைக்கும் திருட்டுப் பிரதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் 'வெதரிங் வித் யூ' படம் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்ததற்கு, இங்குள்ள ரசிகர்கள் 50,000-க்கும் மேல் கையெழுத்துப் போட்டுக் கேட்டது ஒரு காரணம். நாம் இருக்கிறோம் என்று எண்ணிக்கையில் தெரிந்தால்தான் அடுத்த தமிழ் டப்பிங் வரும். டெலிகிராமில் பார்ப்பவர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

குழந்தைகள் இருக்கும் வீடு

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். கார்ட்டூன்தானே என்று ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போகாதீர்கள். 'அட்டாக் ஆன் டைட்டன்' முதல் எபிசோடிலேயே மனிதர்களை விழுங்கும் காட்சி வருகிறது. 'டீமன் ஸ்லேயர்' ஒரு குடும்பம் கொல்லப்பட்டுக் கிடப்பதில் தொடங்குகிறது. நெட்ஃபிளிக்ஸில் குழந்தைக்குத் தனி புரொஃபைல் உருவாக்கி வயது வரம்பு வையுங்கள், உங்கள் புரொஃபைலுக்குப் பூட்டுப் போடுங்கள்.

சின்னவர்களுக்கு 'மை நெய்பர் டோடோரோ', 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனால் அதே ஜிப்லி, அதே 1988, டோடோரோவோடு ஜப்பானில் ஒரே டிக்கெட்டில் வந்த இன்னொரு படம் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. போரில் அநாதையாகும் அண்ணன் தங்கை கதை. நான் பார்த்த போர்ப் படங்களிலேயே மிகச் சிறந்தது என்று சொல்வேன், குழந்தைக்கு மட்டும் போடாதீர்கள், நீங்களும் மறுநாள் வேலை இல்லாத ராத்திரியில் பாருங்கள்.

பாட்டிக்கு எதைக் காட்டுவது என்று கேட்டால், யூகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து இயக்கிய இந்திய-ஜப்பானிய ராமாயணப் படம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் எடுத்தது, 2025 ஜனவரியில் புதுப்பித்துத் தமிழிலும் திரையிட்டார்கள். கதை தெரியுமென்பதால் அவர்கள் படத்தையே பார்ப்பார்கள், அந்த ஓவியத்தின் அழகு உடனே கண்ணில் படும்.

தியேட்டருக்கும் வெளியேயும்

அனிமே படம் திரைக்கு வந்தால் முதல் வாரத்திலேயே போங்கள், இரண்டாவது வாரம் ஏதாவது பெரிய தமிழ்ப் படம் வந்தால் காட்சிகள் சட்டென்று குறைந்துவிடும். டிக்கெட் எடுக்கும்போது மொழியை இரண்டு முறை பாருங்கள், ஒரே தியேட்டரில் ஜப்பானியம், ஆங்கிலம், தமிழ் என்று தனித்தனிக் காட்சிகள் போடுகிறார்கள். சென்னையில் ஐமேக்ஸ் வேண்டுமென்றால் வடபழனியும் வேளச்சேரியும், கூட்டத்தின் சத்தத்தோடு பார்க்க ராயப்பேட்டை சத்யம். முதல் நாள் சாயங்காலக் காட்சிக்குப் போனால் காஸ்பிளேயில், அதாவது கதாபாத்திரம் போல வேடமிட்டு, வந்தவர்களைப் பார்க்கலாம், யாரும் தெரியாவிட்டாலும் இடைவேளையில் பேச ஆள் கிடைக்கும்.

காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் கூடும் விழாவான காமிக் கான் சென்னைக்கு முதல்முறை வந்தது 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். காஸ்பிளே செய்ய ஆசை இருந்தால் ஆன்லைனில் ரெடிமேட் வாங்காதீர்கள், அவை பெரும்பாலும் பாலியஸ்டர், நம் ஊர் வெக்கைக்கு ஒரு மணி நேரம் தாங்காது. பாரிமுனை கோடவுன் தெருவில் காட்டன் துணி எடுத்து, படத்தைக் காட்டி உங்கள் தெரு டெய்லரிடமே தைத்துக்கொள்ளுங்கள். விக்குக்கு உள்ளே மெல்லிய துணித் தொப்பி போடுங்கள். வாள், கத்தி எல்லாம் ஃபோமில் இருக்க வேண்டும், வாசலில் பரிசோதிப்பார்கள்.

மாங்கா படிக்க ஷுயேஷா நிறுவனத்தின் 'மாங்கா பிளஸ்' செயலி இருக்கிறது, பெரும்பாலான கதைகளுக்கு முதல் சில அத்தியாயங்களும் கடைசியாக வந்தவையும் இலவசம். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், பத்துப் பக்கத்தில் பழகிவிடும். இதெல்லாம் பார்த்து ஜப்பானிய மொழியே கற்கத் தோன்றினால் சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பு வகுப்பு நடத்துகிறது. ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையிலேயே எழுதலாம். மிக எளிதான என்5 நிலையில் தொடங்குங்கள், விண்ணப்பிக்கும் தேதி தேர்வுக்குப் பல வாரங்கள் முன்பே முடிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.